தாய்வழியா, தந்தைவழியா? சினைப்பை நீர்க்கட்டி நோயும் இன்சுலினும் மரபும்

பெண்ணுக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னவுடன், உடன் வந்திருக்கும் உறவினர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "இது தாய்வழியில் வந்ததா?" என்பது ஒன்று. "கண்டதையும் தின்று, உட்கார்ந்த இடத்திலேயே இருந்ததால் வந்ததா?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி தாயின்மேல் பழி சுமத்துகிறது. இரண்டாவது மகளின்மேல் சுமத்துகிறது. இரண்டுக்கும் நடுவில், அந்தப் பெண்ணின் தந்தைக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் இருப்பதையோ, பாட்டிக்கு இருந்ததையோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நோயைப் புரிந்துகொள்ள மிகவும் உதவக்கூடிய செய்தி அதுவாகவே இருக்கலாம்.

இந்நோயில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று ஐயமின்றித் தெரிந்திருக்கிறது. ஆயினும் தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே கைமாறும் ஒற்றைக் குறைபாடாக அது வருவதில்லை. பல மரபணுக்களில் உள்ள சிறு சிறு மாறுபாடுகள் சேர்ந்து உண்டாக்கும் ஓர் உடல் இயல்பாகவே வருகிறது. அது தந்தைவழியிலும் வரும். ஆண்களிடத்தில் வேறு உருவில் வெளிப்படும். அந்த இயல்பின் நடுநாயகமாக நிற்பது இன்சுலின் என்னும் ஹார்மோன். இக்கட்டுரை அந்த உறவை விளக்க முற்படுகிறது.

பெயர் தரும் குழப்பம்

1935-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஸ்டெயின், லெவெந்தால் என்னும் இரு மருத்துவர்கள், மாதவிடாய் தடைபட்டும் சினைப்பைகள் பெருத்தும் இருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பைகளில் சிறு சிறு நீர்ப்பைகள் நிறைந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். நோயின் பெயர் அந்தத் தோற்றத்திலிருந்தே பிறந்தது. இன்று மக்கள் வழக்கில் 'பிசிஓடி' என்றும், மருத்துவக் குறிப்புகளில் 'பிசிஓஎஸ்' என்றும் வழங்குவது இதுவே.

'கட்டி' என்னும் சொல் பலரை அச்சுறுத்துகிறது. உண்மையில் அவை அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல, புற்றுநோயும் அல்ல. மாதந்தோறும் ஒரு சினைமுட்டை முழுமையாக முதிர்ந்து வெளிவர வேண்டும். அவ்வாறு முதிராமல் பாதி வளர்ச்சியில் நின்றுவிட்ட முட்டைப்பைகளே ஸ்கேனில் நீர்க்கட்டிகள் போலத் தெரிகின்றன. கருப்பைக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை. இவை சினைப்பையில் இருப்பவை.

நோயை உறுதிசெய்ய 2003-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வல்லுநர்கள் கூடி வகுத்த அளவுகோலே இன்றும் அடிப்படையாக உள்ளது. முட்டை வெளியேறுதல் ஒழுங்கற்று மாதவிடாய் தள்ளிப்போதல், ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்பால் ஹார்மோன்களின் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருக்க வேண்டும். இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்பதும் தெளிவாக வேண்டும். வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாக ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையையும் பயன்படுத்தலாம் என்று 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த வழிகாட்டுதலின்படி, குழந்தைப் பேற்று வயதிலுள்ள பெண்களில் 100 பேருக்கு 10 முதல் 13 பேருக்கு இந்நோய் உண்டு.

இந்த மூன்று அளவுகோல்களிலும் இன்சுலின் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயரிலும் இல்லை, அளவுகோலிலும் இல்லை. அதனாலேயே இந்நோய் சினைப்பையோடு நின்றுவிடும் ஒன்று என்னும் எண்ணம் பரவியிருக்கிறது.

இன்சுலின் எவ்வாறு நுழைகிறது?

கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள்ளும் கொழுப்புத் திசுக்களுக்குள்ளும் சேர்க்கிறது. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளிவிடாமல் அடக்குகிறது. செல்களின் மேற்பரப்பில் இன்சுலினை அடையாளம் கண்டு உள்ளே செய்தி அனுப்பும் புரதங்கள் உள்ளன. அவற்றை ஏற்பிகள் என்கிறோம். ஏற்பியிலோ, அதற்குப் பின்னுள்ள செய்தித் தொடரிலோ மந்தநிலை ஏற்பட்டால், வழக்கமான அளவு இன்சுலின் போதாது. கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சுரந்து ஈடுசெய்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு நிலை. கணையத்தால் ஈடுகொடுக்க முடிகிற வரையில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். இன்சுலின் அளவு மட்டும் ஓசையின்றி உயர்ந்திருக்கும்.

இவ்வாறு உயர்ந்த இன்சுலின் சினைப்பையை என்ன செய்கிறது? தசையும் கல்லீரலும் சர்க்கரை தொடர்பான கட்டளைக்கு மந்தமாக இருக்கும்போதும், சினைப்பை இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்துவதில்லை. முட்டைப்பையைச் சூழ்ந்துள்ள உறைச் செல்கள், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனின் தூண்டுதலால் ஆண்ட்ரோஜனைச் சுரப்பவை. மிகுதியான இன்சுலின் அந்தத் தூண்டுதலுக்கு வலுவூட்டுகிறது. அதே வேளையில் கல்லீரல், டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து வைத்திருக்கும் ஒரு புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. பிணைப்பின்றித் திரியும் டெஸ்டோஸ்டிரோன் பெருகுகிறது. முகத்தில் முடி, தீராத பரு, உச்சந்தலையில் முடி மெலிதல் ஆகியவை தோன்றுகின்றன. முட்டை முதிர்வதும் தடைபடுகிறது. மிகுந்த ஆண்ட்ரோஜன் வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்க, அக்கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை மேலும் கூட்டுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல் இது.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. 1921-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் அஷார், தியர் என்னும் மருத்துவர்கள், தாடி வளர்ந்த பெண்களிடம் காணப்படும் நீரிழிவைப் பற்றி எழுதியிருந்தார்கள். 1980-ஆம் ஆண்டில், நீர்க்கட்டி நோயுள்ள பெண்களிடம் இன்சுலின் அளவும் ஆண்ட்ரோஜன் அளவும் சேர்ந்தே உயர்கின்றன என்பது அளந்து காட்டப்பட்டது. 1989-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரியா டுனைஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான ஐயத்தைத் தீர்த்தது. உடல் எடையைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோதும், இந்நோயுள்ள பெண்களிடம் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. உடல் பருமன் அதை மோசமாக்கும். ஆனால் அதுவே முழுக் காரணம் அன்று. ஒல்லியான பெண்ணுக்கும் இந்நோய் ஏன் வருகிறது என்பதன் விளக்கம் இங்கிருந்து தொடங்குகிறது.

அரிய நோய் ஒன்று கற்பித்த பாடம்

இன்சுலின் உயர்வதால் ஆண்ட்ரோஜன் உயர்கிறதா, ஆண்ட்ரோஜன் உயர்வதால் இன்சுலின் உயர்கிறதா? இக்கேள்விக்கு மிக அரிதான நோயாளிகள் சிலர் வழிகாட்டினார்கள். 1976-ஆம் ஆண்டில், கடுமையான இன்சுலின் எதிர்ப்பு உடைய இளம்பெண்கள் சிலரைப் பற்றிய குறிப்பு வெளியாயிற்று. அவர்களுக்குக் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ஆண்ட்ரோஜன் மிகுதியின் அறிகுறிகளும் இருந்தன. இத்தகைய பெண்கள் பலரிடம் இன்சுலின் ஏற்பியை உருவாக்கும் மரபணுவிலேயே பிழை இருப்பது பின்னர் தெரியவந்தது.

குறை இருந்தது இன்சுலின் ஏற்பியின் மரபணுவில். விளைவு தெரிந்ததோ சினைப்பையில். இன்சுலின் மிகுதி ஆண்ட்ரோஜன் மிகுதிக்குக் காரணமாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் நம்மிடையே பரவலாகக் காணப்படும் நீர்க்கட்டி நோய்க்குக் காரணம் இத்தகைய கடும் பிழை அன்று. பெரும்பாலான பெண்களிடம் இன்சுலின் ஏற்பியின் மரபணு நலமாகவே உள்ளது. அவ்வாறாயின் மரபு எங்கே ஒளிந்திருக்கிறது?

குடும்பங்களும் இரட்டையர்களும்

மரபின் அடையாளம் முதலில் சகோதரிகளிடம் தெரிந்தது. 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இந்நோயுள்ள பெண்களின் உடன்பிறந்த சகோதரிகளில் 22 விழுக்காட்டினருக்கு இதே நோய் இருந்தது. மேலும் 24 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்காகவே வந்தது. ஆனால் இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் மட்டும் உயர்ந்திருந்தது. ஏறத்தாழப் பாதிச் சகோதரிகளிடம் ஏதேனும் ஒரு தடயம் இருந்தது என்பது இதன் பொருள். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை" என்னும் கூற்று பல வேளைகளில் "எங்கள் வீட்டில் யாரும் பரிசோதித்துக்கொள்ளவில்லை" என்றே பொருள்படும்.

2006-இல் நெதர்லாந்து நாட்டு இரட்டையர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, மரபின் பங்கை அளந்து சொன்னது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள் மரபணு முழுவதையும் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு கருக்களிலிருந்து பிறந்தவர்கள் ஏனைய உடன்பிறந்தாரைப் போலச் சராசரியாகப் பாதியையே பகிர்ந்துகொள்கிறார்கள். முதல் வகையினரிடம் நோய் ஒற்றுமை மிகுதியாக இருந்தது. பெண்களுக்குள் இந்நோய் வருவதிலும் வராமலிருப்பதிலும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு மரபால் விளைவது என்று அந்த ஆய்வு கணித்தது. இது குழுவைக் குறித்த கணக்கு. ஒரு தனிப்பெண்ணுக்கு நோய் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு என்று இதைப் படிக்கக் கூடாது.

ஸ்வீடன் நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு, இந்நோயுள்ள தாயின் மகளுக்கு இது கண்டறியப்படும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டியது. இதில் மரபணுவோடு கருப்பைச் சூழலும் பங்குகொள்ளலாம் என்று அவ்வாய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மரபணுத் தேடலில் கிடைத்தவை

ஆயிரக்கணக்கான பெண்களின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தபின் தேடல் விரைவு பெற்றது. 2011-இலும் 2012-இலும் சீனப் பெண்களிடம் நடந்த இரு பெரிய ஆய்வுகள் 11 மரபணு இடங்களை அடையாளம் காட்டின. 2018-இல் ஐரோப்பிய வழியினரான ஏறத்தாழ 10,000 நோயாளிகளையும், நோயில்லாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 14 இடங்களைக் காட்டியது. சீனரிடம் கண்ட இடங்களில் சில ஐரோப்பியரிடமும் காணப்பட்டன. ஆகவே இந்நோயின் மரபு வேர் மனித இனத்தில் பழைமையானது என்று கருத இடமுண்டு.

இந்த இடங்கள் எவை என்பதே நமக்கு வேண்டிய செய்தி. சில, எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய ஹார்மோன்களின் ஏற்பிகளைச் சார்ந்தவை. இவை முட்டை முதிர்வோடு தொடர்புடையவை. 'டென்ட்-1ஏ' என்னும் மரபணுவின் ஒரு வடிவம் மிகுந்தால் சினைப்பையின் உறைச் செல்கள் கூடுதலாக ஆண்ட்ரோஜன் சுரப்பது ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. வேறு சில இடங்கள் நேரே இன்சுலின் பக்கம் செல்கின்றன. 2012-ஆம் ஆண்டுப் பட்டியலில் இன்சுலின் ஏற்பியின் மரபணுவே இருந்தது. அரிய நோயில் பெரும் பிழையாகத் தோன்றிய அதே இடம், இங்கே மிகச் சிறிய மாறுபாடாகத் தலைகாட்டியது. 'டிஎச்ஏடிஏ' எனக் குறிக்கப்படும் மரபணுவோ, இரண்டாம் வகை நீரிழிவுக்கான தேடலில் முன்னரே வெளிப்பட்ட ஒன்று.

மரபணுக்கள் கருவிலேயே அமைந்துவிடுவதால், எது காரணம், எது விளைவு என்று பிரித்தறியவும் அவை உதவுகின்றன. நோய் வந்தபின் மரபணு மாறுவதில்லை அல்லவா? 2015-இல் இம்முறையில் ஆராய்ந்தபோது, இன்சுலின் எதிர்ப்பையும் உடல் எடையையும் கூட்டும் மரபு மாறுபாடுகளும், டெஸ்டோஸ்டிரோனைப் பிணைக்கும் புரதத்தைக் குறைக்கும் மாறுபாடுகளும் உடைய பெண்களுக்கு நீர்க்கட்டி நோய் மிகுதியாக வருவது தெரிந்தது. 2018-ஆம் ஆண்டு ஆய்வு, இந்நோயின் மரபுப் பின்னணி இரண்டாம் வகை நீரிழிவு, இரத்தக் கொழுப்புக் கோளாறு, இதய இரத்தக்குழாய் நோய் ஆகியவற்றின் மரபுப் பின்னணியோடு ஓரளவு ஒன்றுபடுவதைக் காட்டியது. ஆண்களின் வழுக்கையோடும் தொடர்பு தென்பட்டது. தந்தைவழியில் இது எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. சினைப்பை இல்லாத ஆணும் இந்த மாறுபாடுகளைச் சுமக்கிறான். அவனிடம் அவை சர்க்கரை நோயாகவோ, இளவயது வழுக்கையாகவோ வெளிப்படக்கூடும்.

இதுவரை கண்டறியப்பட்ட இடங்கள் யாவும் சேர்ந்தாலும், மரபின் பங்கில் பத்தில் ஒரு பகுதியைக்கூட விளக்கவில்லை. ஒவ்வொரு மாறுபாட்டின் வலிமையும் மிகச் சிறிது. எனவே, நீர்க்கட்டி நோய் வருமா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை எதுவும் இன்று மருத்துவப் பயன்பாட்டில் இல்லை. அவ்வாறு கூறி விற்கப்படும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

நம் பெண்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

தெற்காசிய மக்களிடம், ஒப்பிடத்தக்க உடல் எடையுள்ள ஐரோப்பியரைவிட இன்சுலின் எதிர்ப்பு மிகுதி என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. வெளித்தோற்றத்தில் ஒல்லியாக இருப்பினும் வயிற்றின் உட்பகுதியில் கொழுப்பு சேர்வது நம்மிடையே இயல்பு. 2002-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், இந்நோயுள்ள தெற்காசியப் பெண்களுக்கு, வெள்ளையினப் பெண்களைவிட இளவயதிலேயே அறிகுறிகள் கடுமையாக இருந்தன. வெறும்வயிற்று இன்சுலின் அளவும் கூடுதலாக இருந்தது. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. அந்தக் குடும்பங்களில் வளரும் பெண்களிடம் முதலில் தெரியும் எச்சரிக்கை மாதவிடாய் மாற்றமாக இருக்கலாம்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

மரபு நோய்க்கு நிலத்தைப் பண்படுத்துகிறது. அந்நிலத்தில் நோய் எவ்வளவு வளரும் என்பதை எடை, உணவு, உழைப்பு, உறக்கம் ஆகியவையும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. மரபணுவை மாற்ற முடியாது. உயர்ந்த இன்சுலினைக் குறைக்க முடியும். அதனைக் குறைக்கும் எதுவும் மேலே சொன்ன சுழலைத் தளர்த்தும்.

1. நோய் கண்டறியப்பட்ட பெண்ணுக்கு, எடை எவ்வளவாக இருப்பினும், சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். குளுக்கோஸ் கரைசல் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனையே இதற்கு ஏற்றது. பின்னர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். கருவுற எண்ணும்போதும், கருவுற்ற பின்னும் இது மிக இன்றியமையாதது. இரத்த அழுத்தத்தையும் இரத்தக் கொழுப்பையும் மறக்கலாகாது.

2. வாரத்துக்கு 150 நிமிடங்களுக்குக் குறையாத விறுவிறுப்பான நடை அல்லது அதற்கு இணையான உடற்பயிற்சி வேண்டும். எடை குறையாவிட்டாலும் உழைக்கும் தசை இன்சுலினை நன்கு ஏற்கிறது. எடை கூடியவர்களுக்கு, இருக்கும் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே மாதவிடாய் சீராகக்கூடும்.

3. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, தோல் வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால், அதை அழுக்கென்று எண்ணித் தேய்க்காதீர்கள். உயர்ந்த இன்சுலின் தோலில் இடும் அடையாளம் அது. தேய்ப்பதால் போகாது, பரிசோதனைக்கே அழைக்கிறது.

4. தந்தையும் தாயும் உடன்பிறந்த ஆண்களும் பெண்களும் தங்கள் சர்க்கரை அளவையும் இடுப்புச் சுற்றளவையும் பார்த்துக்கொள்வது நலம். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகள். ஒருத்திக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்கு வழக்கமான சமையல் என்று பிரிக்காமல், வீடு முழுவதும் ஒரே உணவு முறையை மேற்கொண்டால் அவளுக்கும் அது தண்டனையாகத் தோன்றாது.

5. பூப்பெய்திய முதல் ஓராண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பே. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேன் தோற்றத்தை வைத்து இந்நோயை முடிவுசெய்யக் கூடாது. ஆனால் எந்த வயதிலும் மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராமலிருந்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

6. மெட்ஃபார்மின் முதலிய மருந்துகள் சிலருக்குப் பெரிதும் உதவுகின்றன, சிலருக்குத் தேவைப்படுவதில்லை, சிறுநீரகக் கோளாறு முற்றியவர்களுக்கு ஏற்றவை அல்ல. மற்றொருவரின் மருந்துச்சீட்டைப் பார்த்து வாங்கி உண்ணவும் வேண்டாம். எழுதிக் கொடுத்ததைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்நோயை மறைப்பதும், மறைப்பதற்காகவே சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் நிகழ்கின்றன. இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் தாமாகவோ மருத்துவ உதவியுடனோ தாய்மை அடைகிறார்கள். தள்ளிப்போடும் ஆண்டுகளில் உயர்ந்த இன்சுலின் ஓய்ந்திருப்பதில்லை. அந்த இழப்பே பெரிது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதிக்கொண்டு வாருங்கள். தாத்தா, பாட்டி, தாய், தந்தை, அத்தை, சித்தி, உடன்பிறந்தார் ஆகியோரில் யாருக்கு எந்த வயதில் சர்க்கரை நோய் வந்தது, யாருக்குக் கருவுற்றிருந்தபோது சர்க்கரை கூடியது, யாருக்கு மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தது, யாருக்கு இளவயதில் மாரடைப்பு வந்தது என்பவற்றைத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் குறியுங்கள். இன்றைய நிலையில் எந்த மரபணுப் பரிசோதனையைவிடவும் அந்த ஒரு தாள் உங்கள் மருத்துவருக்கு மிகுதியாகச் சொல்லும். அதை எழுதும்போதே, யாருக்கு அடுத்துப் பரிசோதனை தேவை என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.